அணுவைக் கண்டவர் யார்?

"தம்பிகளா! கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கடவுள் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அணு மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதோ?"

படிப்பகத்தில் ஞாயிறு மாலைக் கூட்டம் முடிந்து, நாம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வாயிற்படியில் நின்று பெரியவர் ஒருவர் இந்த வினாவைத் தொடுத்தார். நெற்றி நிறைய நீறு, குரலிலே குறும்பு, பகை சிறிதும் இல்லை. தோழர் ஒருவர், "பெரிய கருவியில் வைத்துப் பார்த்தால் தெரியும், ஐயா" என்றார். "அந்தக் கருவியை நீ பார்த்தாயோ?" "இல்லை." "உனக்குச் சொன்னவர் பார்த்தாரோ?" தோழர் வாய் திறக்கவில்லை. "எனக்கு என் ஆசான் சொன்னார், நம்புகிறேன். உனக்கு உன் புத்தகம் சொல்லிற்று, நீயும் நம்புகிறாய். ஆக, நாம் இருவரும் ஒரே சாதி!" என்று சிரித்தபடி பெரியவர் படியிறங்கிச் சென்றார்.

அன்றைய வெற்றி அவருக்கே உரியது. அதை மறைப்பதில் பொருளில்லை. ஏட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றை ஏற்பது பகுத்தறிவானால், புராணத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஏற்பவரை நாம் எந்த வாயால் எள்ளி நகையாடுவது? அணு உண்டு என்று உலகம் எப்படி ஒப்புக்கொண்டது? யார் சொன்னார், யார் மறுத்தார், எதைக் காட்டி மறுத்தவர் வாயை அடைத்தார்? இதனை அறியாமல் அணுவைப் பேசுவது, மந்திரத்தின் பொருளறியாமல் அதனை முணுமுணுக்கும் புரோகிதர் செயலுக்கு ஒப்பானதே. ஆகவே, வரலாற்று ஏடுகளைப் புரட்டினோம். கண்டதை ஈண்டு எழுதுகிறோம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. கிரேக்கரின் அப்டீரா நகரம். லூசிப்பஸ் என்பாரும், அவர் வழிவந்த டெமாக்ரிட்டசும் ஒரு கேள்வியை எழுப்பினர். ஒரு பொருளை இரண்டாக வெட்டுக. பாதியை மீண்டும் வெட்டுக. அதில் பாதியை மீண்டும். இந்த வெட்டு எங்கேயாவது நிற்குமா, நிற்காதா? நிற்கும் என்றனர் அவர்கள். இனி வெட்ட இயலாது என்னும் எல்லையில் எஞ்சி நிற்பதற்கு, 'வெட்டவொண்ணாதது' என்னும் பொருளில் 'அதோமோஸ்' என்று பெயரிட்டனர். உலகில் உள்ளவை இரண்டே: அணுக்கள் ஒன்று, அவை ஓடியாட இடந்தரும் வெறுவெளி மற்றொன்று. பிறப்பு என்பது அணுக்களின் கூட்டம். இறப்பு என்பது அவற்றின் பிரிவு. உயிரும் அணுக்களின் கூட்டமே!

இந்தக் கடைசிச் சொற்றொடரின் கூர்மையைத் தோழர்கள் உணர வேண்டும். உயிரும் அணுக் கூட்டமென்றால், உடல் கலையும்போது உயிரும் கலையும். கலைந்துபோன ஒன்றை எந்த நரகத்தில், எந்த எண்ணெய்க் கொப்பரையில் இட்டு வறுப்பது? எபிகூரஸ் இதைத்தான் எடுத்துக்கொண்டார். சாவைக் கண்டு அஞ்சாதீர், தேவர்களின் சினத்தைக் கண்டு நடுங்காதீர் என்றார். கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் அதனை நெடும்பாட்டாகவே பாடிவைத்தார். அணு என்னும் எண்ணம் குண்டு செய்யப் பிறக்கவில்லை. அச்சத்திற்கு மருந்தாகப் பிறந்தது! அதனால்தான் அதற்கு எதிர்ப்பும் பிறந்தது. டெமாக்ரிட்டசின் நூல்கள் அனைத்தையும் திரட்டித் தீயிலிட பிளாட்டோ விரும்பினார் என்றும், நூல்கள் ஏற்கெனவே பலர் கைக்குப் போய்விட்டதால் பயனில்லை என்று நண்பர்கள் தடுத்தனர் என்றும் ஒரு பழஞ்செய்தி உண்டு. உண்மையோ, புனைவோ, அந்நூல்களில் இன்று துணுக்குகளே எஞ்சியுள்ளன. பிளாட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் தீயைத் தேடவில்லை, வாதத்தால் வென்றார். வெறுவெளி என்பது இருக்கவே முடியாது; நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கே அடிப்படை; பொருள் எவ்வளவு வெட்டினாலும் வெட்டிக்கொண்டே போகும் என்றார். பின்னர்த் திருச்சபை அவர் கருத்தைத் தன் கருத்தாக ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பவன் அறிஞனுக்கு மட்டுமின்றி ஆண்டவனுக்கே பகைவனாகிவிட்டான்.

இந்த இடத்தில், "இவையெல்லாம் நம் முன்னோர் என்றோ சொன்னவை" என்று முழங்கப் புறப்படுவோர் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். சொன்னார்கள், உண்மைதான். வடமொழியில் கணாதரின் வைசேடிகம் அணுவைப் பேசுகிறது. தமிழில் மணிமேகலை பேசுகிறது. வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கும் மணிமேகலைக்கு, ஆசீவக ஆசிரியர் அணுவைப் பற்றி விளக்குகிறார். நிலம், நீர், தீ, காற்று ஆகிய ஒவ்வொன்றுக்கும் அணு உண்டு. அது புதிதாய்ப் பிறப்பதில்லை. ஒன்று இரண்டாகப் பிளப்பதில்லை. நீரணு நிலவணுவாக மாறுவதில்லை. தனி அணு கண்ணுக்குத் தெரியாதே என்றால், அதற்கும் அழகான உவமை வைத்திருக்கிறார்: மாலை மங்கிய வேளையில் ஒற்றை மயிரிழை கண்ணுக்குப் புலனாகாது, அதே மயிர் கற்றையாகத் திரண்டால் புலனாகும். எத்தனை நேர்த்தியான சிந்தனை! பெருமைப்படத்தக்கதே. ஆனால், தோழர்களே, அதே ஆசிரியர் அனைத்தையும் ஊழின் காலில் கட்டிப்போட்டுவிட்டார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. டெமாக்ரிட்டசும் சரி, ஆசீவகரும் சரி, கணாதரும் சரி, கூர்ந்து எண்ணியவர்கள்; அளந்து பார்த்தவர்கள் அல்லர். தங்கத்தின் அணு என்ன எடை, இரும்பின் அணு என்ன எடை என்று கேட்டிருந்தால் அவர்களிடம் விடையில்லை. நல்ல ஊகம் நமக்கும் இருந்தது, கிரேக்கருக்கும் இருந்தது. ஊகத்தோடு நின்றதால்தான், அரிஸ்டாட்டில் வாதத்தால் அதனை வீழ்த்த முடிந்தது. தராசு நடுவராக அமர்ந்திருந்தால் அது நடந்திராது.

வீழ்ந்த அணு ஐரோப்பாவில் மெல்லத் தலைதூக்கியபோது என்ன நேர்ந்தது? 1624ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பாரிஸ் நகரில் மூன்று இளைஞர்கள், அரிஸ்டாட்டிலை மறுக்கும் பதினான்கு கருத்துகளை அச்சிட்டு, பொதுவிடத்தில் வாதிட அழைப்பு விடுத்தனர். ழான் பித்தோ, அந்துவான் வில்லோன், எத்தியேன் தெ கிளாவ் என்பன அவர்தம் பெயர்கள். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் அக்கருத்துகளுள் ஒன்று. வாதத்தைக் கேட்க மக்கள் திரண்டனர். வாதம் நடக்கவில்லை. அதிகாரம் குறுக்கிட்டுத் தடுத்தது. அச்சிட்ட தாள்கள் கிழிக்கப்பட்டன. இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் மூவரும் நகரைவிட்டு வெளியேறக் கட்டளை பிறந்தது. ஏற்பளிக்கப்பட்ட பழைய ஆசிரியர்களுக்கு மாறாக எதையும் கற்பிப்பவருக்கு உயிர்த்தண்டனை என்றும் பாரிசின் உயர் நீதிமன்றம் அறிவித்தது. அணு உண்டா என்று தராசைக் கேட்கவில்லை, தூக்குமரத்தைக் கேட்டார்கள்!

தராசைக் கேட்ட காலம் அடுத்த நூற்றாண்டின் இறுதியில் வந்தது. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், எரிப்பதற்கு முன்னும் எரித்த பின்னும் எடை போட்டார். மூடிய கலத்துக்குள் எது எரிந்தாலும் மொத்த எடை குறைவதுமில்லை, கூடுவதுமில்லை என்று காட்டினார். மாறுவது உருவம், மறைவது எதுவுமில்லை. அவரை 1794இல் புரட்சியின் கில்லட்டின் கொன்றது. புரட்சிகளும் பிழை செய்யும் என்பதைச் சொல்லிவிட்டே அடுத்தவரிடம் செல்கிறோம்.

அடுத்தவர் ஜான் டால்ட்டன். அவரிடம் சற்று நின்று பேச விரும்புகிறோம். இங்கிலாந்தின் வடகோடியில் ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில் 1766இல் பிறந்தவர். தந்தை கைத்தறி நெசவாளர். குடும்பம் குவேக்கர் நெறியைச் சேர்ந்தது. அந்நாளில் ஆக்ஸ்போர்டில் நுழையவும் கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் வேண்டுமானால், அரசுத் திருச்சபையின் கொள்கைக்கு உடன்பட்டுக் கையொப்பமிட வேண்டும். குவேக்கர் அதைச் செய்யார். ஆகவே, நெசவாளி மகனுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைப்பு! 'உன் அறிவென்ன?' என்று கேட்காமல் 'உன் பிறப்பென்ன, உன் சமயமென்ன?' என்று கேட்கும் வாயிற்காவலர் நம் நாட்டில் மட்டுமில்லை. பன்னிரண்டாம் வயதிலேயே டால்ட்டன் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார், தாமே கற்றார். மான்செஸ்டரில் குடியேறி, வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1787 தொடங்கி 1844இல் இறக்கும்வரை நாள்தோறும் வானிலையைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டும். இத்தகைய பொறுமைக்காரர் கையில்தான் அணு முதன்முதலாக எடை பெற்றது.

அவர் கண்ட வழி எளியது. கரியும் ஆக்சிஜனும் இருவகையாகச் சேர்கின்றன. மூன்று கிராம் கரி நான்கு கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் நச்சுக்காற்றாகிய கார்பன் மோனாக்சைடு. அதே மூன்று கிராம் கரி எட்டு கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால், நாம் மூச்சில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு. நான்கு, அன்றேல் எட்டு. சரியாக இருமடங்கு. ஏன் ஐந்தோடு சேரவில்லை? ஐந்தரையோடு? ஆறே காலோடு? பொருள் மாவைப்போல இடைவிடாது பரந்து கிடப்பதானால் எந்த அளவிலும் பிசையலாமே! கடையில் முட்டை வாங்கும்போது ஒன்று வாங்குகிறோம், இரண்டு வாங்குகிறோம். ஒன்றரை முட்டை வாங்குவாரில்லை. கரியணு ஒன்றுக்கு ஆக்சிஜன் அணு ஒன்று, அல்லது இரண்டு. நடுவில் வேறில்லை. தராசுத்தட்டில் தெரிந்த அந்த முழு எண், கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் காலடித் தடம்! டால்ட்டன் 1803இல் அணு எடைகளின் முதற்பட்டியலைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். 1808இல் 'வேதியியல் மெய்யியலின் புதிய முறை' என்னும் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொருவகை அணு. ஒரு தனிமத்தின் அணுக்களெல்லாம் ஒரே எடை. அணு அழியாது, பிளவாது. முழு எண்ணிக்கையில் கூடியே சேர்மங்கள் உண்டாகும் என்றார்.

சுவையான செய்தி ஒன்று. அணுவை அறிந்த டால்ட்டனின் கண்ணுக்குச் செந்நிறம் தெரியாது. தம் குறையைத் தாமே ஆராய்ந்து 1794இல் கட்டுரையும் படித்தவர் அவர். கதவடைத்த அதே ஆக்ஸ்போர்டு 1832இல் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கிற்று. அப்பட்டத்துக்குரிய செந்நிற அங்கியை அணிந்து அவர் மன்னர் முன் சென்றார். பகட்டுச் சிவப்பைக் குவேக்கர் விரும்பார். ஆனால் டால்ட்டன் கண்ணுக்கு அது சிவப்பாகத் தெரியவே இல்லையாம்! கண்ணை மட்டும் நம்பி அறிவைத் தேடியிருந்தால், அவர் நிலை என்ன ஆகியிருக்கும்?

இத்தகைய டால்ட்டன் பிழையே செய்யாதவரா? செய்தார், பெரும்பிழை செய்தார். நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றும் உள்ளன என்று எடுத்துக்கொண்டார். எளிமையே இயற்கையின் வழி என்பது தவிர அதற்கு அவரிடம் சான்று இல்லை. அதனால் ஆக்சிஜனின் அணு எடை ஏழு என்றார். உண்மையில் பதினாறு. அதே 1808ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் கேலுசாக், இரண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு படி நீராவி ஆகின்றன என்று அளந்து காட்டியபோது, டால்ட்டன் நம்ப மறுத்தார். ஒரு படி ஆக்சிஜன் இரண்டு படி நீராவியில் பங்குபோக வேண்டுமானால் ஆக்சிஜன் அணு பாதியாக உடைய வேண்டுமே என்பது அவர் தடை. 1811இல் இத்தாலியர் அவகாட்ரோ தடையை நீக்கினார்: காற்றில் ஆக்சிஜன் தனி அணுவாக இல்லை, இரண்டிரண்டாகக் கைகோத்து மூலக்கூறாக உலவுகிறது. உடைவது அணு அன்று, அந்த இணை. என்ன எளிய விளக்கம்! ஆனால் கேட்பாரில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது தூங்கிற்று. அவகாட்ரோ 1856இல் மறைந்தும் போனார். 1860 செப்டம்பரில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலார் கூடியபோது, கன்னிசாரோ என்னும் மற்றோர் இத்தாலியர் அவ்விளக்கத்தை எடுத்துரைத்தார். அவருடைய சிறு நூல் அங்கே வந்தோருக்கு வழங்கப்பட்டது. வீடு திரும்பும் வழியில் அதனைப் படித்த லோத்தர் மேயர், கண்ணை மறைத்த திரை கழன்றது போலிருந்தது என்று பின்னாளில் எழுதினார். அங்கே வந்திருந்த மற்றோர் இளைஞர் உருசியாவின் மெண்டலீவ். அணு எடை வரிசையில் தனிமங்களை அடுக்கி 1869இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் சில இடங்கள் காலியாயிருந்தன. இங்கே ஒரு தனிமம் வரும், அதன் எடை இது, அடர்த்தி இது என்று கண்டுபிடிக்கும் முன்பே எழுதினார். 1875இல் பிரான்சில் காலியம் கிடைத்தது. கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்றார். மீண்டும் அளந்து பாருங்கள், 5.9 இருக்க வேண்டும் என்றார், அதைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ். மீண்டும் அளந்தார்கள். 5.9 ஆகவே இருந்தது! சோதிடர்கள் சொல்லும் 'பலன்' எதையாவது இப்படி அளந்து பார்க்க விடுவார்களா?

இத்தனைக்குப் பிறகும் மறுத்தவர்கள் இருந்தனர். அவர்கள் வைதிகர் அல்லர் என்பதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. வியன்னாவின் எர்ன்ஸ்ட் மாக் சமயத்தை ஏற்காத சிந்தனையாளர்; புலனுக்கு எட்டாததை அறிவியலில் சேர்க்கலாகாது என்பது அவர் கொள்கை. யாராவது அணுவைப் பற்றிப் பேசினால், "நீர் ஒன்றைப் பார்த்திருக்கிறீரோ?" என்று கேட்பாராம். நம் படிப்பக வாயிலில் பெரியவர் கேட்ட அதே வினா! வேதியியல் பேரறிஞர் ஆஸ்ட்வால்டும் அணு ஒரு கணக்குக் கருவி மட்டுமே என்றார். அணுக்களின் ஓட்டத்தைக்கொண்டு வெப்பத்தை விளக்கிய போல்ட்ஸ்மன் வாழ்நாள் முழுதும் இவர்களோடு வாதாடினார். நலிவுற்ற மனத்தோடு 1906இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் துயருக்கு இந்த வாதமே காரணமென்று சொல்ல மாட்டோம். ஆனால் இன்னும் மூன்றாண்டு இருந்திருந்தால் தம் வெற்றியைக் கண்டிருப்பார் என்பது உறுதி.

அந்த வெற்றி வந்த விதம்தான் பெரியவருக்கு உரிய விடை. 1827இல் இராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியலார், நீரில் மிதந்த மகரந்தத்தின் நுண்துகள்கள் ஓயாது துள்ளுவதை நுண்நோக்கியில் கண்டார். உயிரற்ற தூசும் அப்படியே துள்ளிற்று. ஏன்? கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதித் தள்ளுகின்றன என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தொலைவு நகரும் என்பதற்கும் வாய்பாடு தந்தார். பிரெஞ்சு அறிஞர் ழான் பெரன் 1908இல் அளக்கத் தொடங்கினார். ஒருவகை மஞ்சள் பிசினைக் கரைத்து, ஒரே பருமனான நுண்மணிகளாகப் பிரித்து, நீரில் விட்டு, உயரத்துக்கு உயரம் எத்தனை மணிகள் நிற்கின்றன என்று எண்ணினார். மலைமேல் ஏற ஏறக் காற்று குறைவதைப் போல, மணிகளும் குறைந்தன. காற்று பாதியாக ஐந்தாறு கிலோமீட்டர் ஏற வேண்டும். பிசின் மணிகளுக்கோ, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கி அதில் மூன்று கூறு ஏறினால் போதும். அடியில் நூறு மணி என்றால், ஒவ்வொரு மூன்று கூறு உயரத்திலும் 47, 23, 12 என்று இறங்கி வந்தன. மணியின் எடை தெரியும். குறையும் விகிதம் தெரியும். இவற்றிலிருந்து பதினெட்டு கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள் என்று கணக்கிட்டார். ஆறு என்று எழுதி, அதன்பின் இருபத்துமூன்று சுழி இட்டால் வரும் எண்ணுக்கு அருகில் விடை வந்தது.

ஒரு வழியில் வந்த விடையைத் தற்செயல் எனலாம். மணிகளின் துள்ளலை அளந்தாலும் அந்த எண்ணே. வானம் ஏன் நீலம் என்னும் கணக்கிலும் அதுவே. ரேடியம் உமிழும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணினாலும் அதுவே. மின்சாரத்தின் மிகச் சிறிய அளவைக்கொண்டு பார்த்தாலும் அதுவே. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பத்துக்கும் மேற்பட்ட வழிகளில் சென்று பெரன் அதே வாயிலை அடைந்தார். ஊரறியாத பத்துச் சாட்சிகள், ஒருவரை ஒருவர் காணாமலே, ஒரே அடையாளத்தைச் சொன்னால் எந்த நீதிபதி மறுப்பார்? ஆஸ்ட்வால்டு மறுக்கவில்லை. தம் பாடநூலின் 1909ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில், அணுக் கொள்கைக்குச் செயல்முறைச் சான்று கிடைத்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். நெடுங்காலம் எதிர்த்த மனிதர், அச்சில், தம் பெயரோடு! 2019இல் அந்த எண்ணையே, 6.02214076 என்று தொடங்கும் அந்தப் பேரெண்ணையே, உலக நாடுகள் பொருளின் அளவைக்கு அடிப்படையாக வைத்தன.

ஆனால், அணு உண்டு என்று அனைவரும் ஒப்பிய அதே ஆண்டுகளில், 'வெட்டவொண்ணாதது' என்னும் அதன் பெயர் பொய்த்துக்கொண்டிருந்தது. 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் ஓடும் கதிர்களை ஆராய்ந்து, அவை எதிர்மின் கொண்ட துகள்கள் என்று காட்டினார். எடையோ, அணுக்களிலே இலேசான ஹைட்ரஜன் அணுவின் எடையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. எந்த உலோகத்தை வைத்தாலும் அதே துகள்! எலக்ட்ரான் என்று இன்று அழைப்பது அதைத்தான். அணுவுக்குள் நேர்மின் ஒரு களியைப்போல் பரவியிருக்க, அதில் முந்திரிப் பருப்பைப்போல எலக்ட்ரான்கள் பதிந்துள்ளன என்று தாம்சன் படம் வரைந்தார். 1906இல் நோபல் பரிசு பெற்றார். உலகமே போற்றிய ஆசான்.

அந்த ஆசானின் படத்தைக் கிழித்தவர் அவருடைய மாணவரே. நியூசிலாந்துச் சிற்றூர்க் குடும்பத்திலிருந்து, வேறொருவர் வேண்டாமென்று விட்ட உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்கு வந்தவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. 1909இல் அவர் மான்செஸ்டரில் பேராசிரியர். ஆம், நூறாண்டுக்கு முன் டால்ட்டன் அணுவை எடைபோட்ட அதே மான்செஸ்டர்! அவரிடம் கைகர் என்னும் உதவியாளரும், மார்ஸ்டன் என்னும் இருபது வயது மாணவரும் இருந்தனர். மெல்லிய உலோகத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சி, ஏதேனும் பின்னோக்கித் திரும்புகிறதா பாரும் என்று அந்த மாணவரிடம் சொன்னார் ரூதர்போர்டு. திரும்பும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. களியில் துப்பாக்கிக் குண்டு பட்டால் துளைத்துக்கொண்டு போகுமே தவிர, திரும்பி வருமா? இருட்டறையில் அமர்ந்து, திரையில் தோன்றும் ஒளிப்பொட்டுகளைக் கண்ணால் எண்ணினார்கள். எண்ணாயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது! மெல்லிய தாளில் சுட்ட பீரங்கிக் குண்டு எகிறிவந்து சுட்டவனையே தாக்கியது போன்ற வியப்பு என்று ரூதர்போர்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த ஒன்றை அவர் தள்ளிவிடவில்லை. 7,999 ஆசானின் பக்கம் நிற்க, ஒன்றே ஒன்று மாறாக நின்றது. அந்த ஒன்றின் பேச்சைக் கேட்டார். 1911இல் முடிவை வெளியிட்டார்: அணுவின் எடையெல்லாம் நடுவே ஒரு சிறு புள்ளியில் திரண்டிருக்கிறது. அதுவே அணுக்கரு. நூறு மீட்டர் அகலமுள்ள திடலின் நடுவில் கடுகு ஒன்றை வைத்தாற் போன்ற அளவு அது. மற்றதெல்லாம்? எலக்ட்ரான்கள் உலவும் வெறுவெளி. இருக்கவே முடியாது என்று அரிஸ்டாட்டில் அடித்துச் சொன்ன வெறுவெளி, அவர் அமர்ந்த நாற்காலிக்குள்ளேயே இருந்தது!

பின் வந்தவை விரைந்து வந்தன. எலக்ட்ரான்கள் குறித்த சில நிலைகளில் மட்டுமே நிற்கும் என்றார் 1913இல் டென்மார்க்கின் நீல்ஸ் போர். அதே ஆண்டு மோஸ்லி என்னும் இளைஞர், கருவிலுள்ள நேர்மின்னின் எண்ணிக்கையே தனிமத்தின் அடையாளம் என்று நிலைநாட்டினார். ஹைட்ரஜனுக்கு 1, கரிக்கு 6, ஆக்சிஜனுக்கு 8, பொன்னுக்கு 79. இரண்டாண்டு கழித்து, இருபத்தேழே வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் ஒரு குண்டு அந்தத் தலையைத் துளைத்தது. பேரரசுகளின் கணக்கில் அவர் ஒரு படைவீரர், அவ்வளவே. அந்த நேர்மின் துகளுக்குப் புரோட்டான் என்று 1920இல் பெயர் வைத்தார் ரூதர்போர்டு; மின்னற்ற நியூட்ரானை 1932இல் சாட்விக் கண்டார். நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் ஒரே தனிமத்துக்குள்ளும் அணுக்களின் எடை மாறும். ஆகவே, ஒரு தனிமத்தின் அணுக்களெல்லாம் ஒரே எடை என்ற டால்ட்டன் சொல்லும் வீழ்ந்தது. பிளவாது என்ற சொல்லும் வீழ்ந்தது. முழு எண்ணிக்கையில் கூடும் என்றாரே, அது நின்றது. போர் வரைந்த வட்டப் பாதைகளும் 1926க்குப் பின் நிற்கவில்லை. எலக்ட்ரான் இன்ன இடத்தில் இருக்கக்கூடும் என்னும் வாய்ப்பின் மேகமாகவே இன்று அணுவைக் கணக்கிடுகிறார்கள். கரும்பலகையில் நாமும் அந்த வட்டங்களைத்தான் வரைகிறோம். 'இது பழைய படம், பிள்ளைகளே' என்று சொல்லிவிட்டு வரைவது முறை.

கருவியில் தெரியும் என்று நம் தோழர் சொன்னதும் முழுப் பொய்யில்லை. 1981இல் சூரிச் நகருக்கு அருகே பின்னிக், ரோரர் என்னும் இருவர் உருவாக்கிய கருவி, பரப்பிலுள்ள அணுக்களை ஒவ்வொன்றாகத் தடவி வரிசையாகப் படமெடுத்துத் தந்தது. ஆனால் அந்தப் படத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. 'கண்டதை மட்டுமே கொள்வோம்' என்று மேடையில் முழங்குவதை இனி நாம் விட்டுவிடப் போகிறோம். அந்த முழக்கம் மாக்கைப் பிழைபட வைத்தது. நம்மையும் வாயிற்படியில் வாயடைக்க வைத்தது.

பெரியவரை வருகிற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறோம், ஒப்புக்கொண்டார். கண்ணாடித் தொட்டி ஒன்று, சோதனைக் குழாய் இரண்டு, துருவேறாத எஃகுத் துண்டு இரண்டு, ஒரு மின்கலம், ஒரு கைப்பிடி சலவைச் சோடா ஆகியவற்றைத் தேடி வைத்துள்ளோம். நீருக்குள் மின்சாரம் பாய்ந்தால் இரு குழாய்களிலும் காற்று ஏறும். எந்தக் குழாயில் எவ்வளவு என்று அவரே அடிக்கோல் வைத்து அளக்கட்டும். ஒன்றில் ஏறுவது மற்றதைப்போல் இருமடங்காக இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்துவிடுவதாக இருக்கிறோம்.